திருஷ்டிப் பொட்டு வைத்த மரங்கள்

கடன் என்ற சொல்லைக் கேட்டாலே என் அப்பாவுக்கு முகம் சுண்டிவிடும். மற்றவர்கள் பாம்புக்கும் அம்மை நோய்க்கும் பயந்தார்கள். அப்பா கடனுக்குப் பயந்தார். ஆபீஸிலிருந்து கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டால், பக்கத்து மேஜைக்காரர் குடை தருகிறேன் என்று சொன்னாலும் வாங்கமாட்டார். நனைந்துகொண்டே ஆரியசாலையில் இருந்த வீடு வரை நடந்து வந்து, நாலு நாள் ஜலதோஷத்தில் கிடப்பார். குடையும் கடன்தானே என்பது அவர் கட்சி.

இந்தக் கட்சியால் மிகவும் அவதிப்பட்டது அம்மாதான். பாலுக்கு உறைமோர் குறைந்து போனால் அடுத்த வீட்டில் ஒரு கரண்டி கேட்டு வாங்குவது பெண்களுக்குள் வழக்கம். எங்கள் வீட்டில் அதற்கும் தடை. உறைமோர் இல்லாத நாளில் நாங்கள் தயிர் இல்லாமல் சாப்பிட வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. அம்மா அதை ஒரு நாளும் மீறவில்லை என்று அப்பா நம்பினார். கொல்லை வேலிப் பக்கம் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்ற என்னைக் கேட்டிருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன்.

அப்பாவின் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்த அவருடைய அப்பாவின் வீட்டைக் கடன்காரன் பூட்டினபோது அப்பாவுக்கு எட்டு வயதுதான் இருக்குமாம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை இலையை மடிக்கச் சொல்லிவிட்டுப் பூட்டினானாம். அப்புறம் எப்படியோ படித்து, திருவனந்தபுரத்தில் ஒரு ஆபீஸில் நகல் எழுதும் வேலைக்கு வந்து சேர்ந்தார். கல்யாணம் ஆனதும் ஆரியசாலையில் மாமா வீட்டின் பின்கட்டில் இரண்டு அறைகளில் குடியிருந்தோம். அதற்கு மாதாமாதம் வாடகை கொடுத்து ரசீது வாங்கினார். சொந்த மச்சினனிடம் வாடகை ரசீது வாங்கிய மனிதர் அந்தத் தெருவிலேயே அவர் ஒருவர்தான்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மரக்கடை வைத்திருந்தார். வித்துரா பக்கத்திலிருந்து வண்டிகளில் வந்து இறங்கும் ஆயினியும் பலாவும் மருதும் அவருடைய கடைக் கொல்லையில் மலைபோல் கிடக்கும். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. வாய் நிறைய வெற்றிலை. அப்பா எதைக் கண்டு பயப்படுகிறாரோ அதிலேதான் மாமாவின் வியாபாரமே நடந்தது. ஊரில் பாதிப் பேர் அவருக்குத் தரவேண்டும், அவர் மீதிப் பாதிப் பேருக்குத் தரவேண்டும். ஆனாலும் சோறு இறங்காமல் இருந்ததில்லை.

எனக்கு எட்டு வயது ஆனபோது, உலக யுத்தம் வர இன்னும் இரண்டு மூன்று வருஷம் இருந்த சமயத்தில், அப்பா சொந்த வீடு கட்டுவது என்று தீர்மானித்தார். கரமனை ஆற்றுக்கு அந்தப் பக்கம், தென்னைகளுக்கு நடுவில், துண்டு நிலம் ஒன்று சேமிப்பில் வாங்கியிருந்தார். கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டலாம் என்றால் மொத்தமாகக் காசு வேண்டும். மொத்தமாக வேண்டும் என்றால் கடன் வாங்க வேண்டும். அதற்கு அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார்.

ஒரு தடவை மேலதிகாரியோடு பொன்முடி ரோட்டில் கேம்ப் போனபோது, தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் கட்டியிருந்த சின்ன வீட்டைப் பார்த்திருக்கிறார். முழு மரங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, மூலைகளில் கொத்திப் பூட்டி, சுவரே மரமாக நிற்கிற வீடு. அப்பாவுக்குப் பொறி தட்டிவிட்டது. கல் வீட்டை ஒரே மூச்சில் கட்டியாக வேண்டும். மர வீட்டுக்கு மாதம் ஒரு மரம் போதும். சம்பளம் வந்ததும் ஒரு மரம். அதற்கு மேல் அடுத்த சம்பளத்தில் இன்னொன்று. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

தெருவில் எல்லாரும் சிரித்தார்கள். கோழிக்கூடா, பெட்டியா என்று கேட்டார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

"அத்தான், நம்ம கடைலேயே மரம் கிடக்கு. வேண்டியதை எடுத்துக்கிடுங்க. பைய, உள்ளபோது தாங்க" என்றார்.

அப்பா அவரோடு நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், கழிவு மரம் என்றால் வாங்கிக்கொள்வதாகவும், ரொக்கம் கொடுத்துத்தான் வாங்குவதாகவும் சொல்லி அனுப்பினார். கழிவு மரம் என்பது உள்ளே பொள்ளலோ, வெடிப்போ, வண்டுத்துளையோ உள்ளது. கொல்லையின் பின்சுவர் ஓரத்தில் தனியாகக் கிடக்கும். அடையாளத்துக்கு அடிப்பக்கத்தில் தாரில் வட்டமாக ஒரு கரும்பொட்டு வைத்திருப்பார்கள். அரை விலைக்கும் கீழே போகும். பெரும்பாலும் விறகுக்குத்தான் வாங்குவார்கள்.

ஒரு சனிக்கிழமை மாமா என்னைக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கையில் ஒரு தார்ச் சட்டியும் தென்னம்மட்டையை நசுக்கிச் செய்த தூரிகையும் கொடுத்தார். முன்பக்கத்தில் கிடந்த நல்ல ஆயினி மரம் ஒன்றைக் காட்டினார்.

"இதுல ஒரு பொட்டு வையி மக்ளே."

"ஏன் மாமா?"

மாமா கொஞ்சம் யோசித்தார். அவருக்கு யோசிப்பது பழக்கமில்லாத வேலை. "உன் தம்பிக் குட்டிக்குக் கன்னத்துல உங்கம்மா கருப்புப் பொட்டு வைக்காளே, எதுக்கு?"

"கண்ணு படாம இருக்க."

"அதேதான். உங்க வீட்டு மரத்துக்குக் கண்ணு பட்டுரக்கூடாதுல்லா? உங்கப்பாட்ட சொல்லாதே. சொன்னா பலிக்காது."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டு, கை நடுங்காமல், அழகான பொட்டு ஒன்று வைத்தேன். பிறகு இரண்டு ஆட்கள் வந்து அந்த மரத்தைப் பின்சுவர்ப் பக்கம் உருட்டிக்கொண்டு போனார்கள். பிறத்தியார் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். எங்கள் வீட்டுக்காக ஊரே இத்தனை பாடுபடுகிறது என்பதில் எனக்கு ரொம்பப் பெருமை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். கழிவுக் குவியலில் ஒவ்வொரு மரமாக விரல்முட்டியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். முகர்ந்தும் பார்த்தார். கடைசியில் என் பொட்டு வைத்த மரத்தண்டை வந்து நின்று, தட்டி, திரும்பத் தட்டி, மெல்லச் சிரித்தார்.

"மாப்ளே, இதைக் கழிவுன்னு தள்ளினது யாரு?"

"அறுப்புக்காரன்தான் அத்தான். உள்ளுக்குள்ள பொள்ளல்னான்."

"உன் ஆளுக்குக் காது கிடையாது" என்றார் அப்பா. காசை எண்ணிக் கொடுத்தார். ரசீது வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் அம்மாவிடம், கழிவிலிருந்து பொறுக்கி எடுப்பதற்கு ஒரு கண் வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா என் பாவாடை விளிம்பில் இருந்த தார்க்கறையைத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தக் கறை எப்படி வந்தது என்று என்னை அவள் கேட்கவே இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கறை வந்தது. அப்போதும் கேட்கவில்லை.

அப்படித்தான் எங்கள் வீடு வளர்ந்தது. மாதம் ஒரு மரம். போனஸ் மாதிரி ஏதாவது வந்தால் இரண்டு. சனிக்கிழமை நான் பொட்டு வைப்பேன், ஞாயிற்றுக்கிழமை அப்பா கண்டுபிடிப்பார். மரம் வண்டியேறிக் கரமனைப் பாலம் தாண்டிப் போகும். அங்கே ஒரு ஆசாரி வந்து, தலைப்பும் அடியும் கொத்தி, கரையான் வராமல் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிப் படுக்கவைப்பார். அவருக்குத் தமிழும் மலையாளமும் ஒரே வாயில் வரும்.

"பிள்ளை சாரே, நிங்களுடைய கண்ணு கண்ணு தன்னே! கழிவில இதுபோல மரம் ஞான் கண்டதே இல்லை" என்பார். சொல்லிவிட்டு உடனே குனிந்து உளியைத் தீட்டத் தொடங்கிவிடுவார்.

அப்பாவின் நடையே மாறிப்போயிற்று. போகிற வழியில் நிற்கும் மரங்களையெல்லாம் தட்டிப் பார்த்தார். ஆபீஸில் யாராவது கட்டில் வாங்கினால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்பா தட்டிப் பார்த்துச் சொன்னது எத்தனை தடவை சரியாக இருந்தது என்று எனக்குத் தெரியாது. வாழ்க்கையில் அவர் சந்தோஷமாக இருந்த காலம் அதுதான் என்று மட்டும் தெரியும். அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தவள் நான்தான். இதை எழுதும்போதும் மனசு என்னவோ போல் இருக்கிறது.

மூன்றாவது வருஷம் சித்திரையில் நாலு சுவரும் எழும்பிவிட்டன. மேலே போட மோட்டுவளை மட்டும்தான் பாக்கி. கூரையின் உச்சியில் வீட்டின் முழு நீளத்துக்கும் கிடக்கவேண்டிய மரம் அது. கோணல் இல்லாமல், நீளமாக, வைரம் பாய்ந்ததாக இருக்க வேண்டும். அது கிடைத்தால் ஓலை வேய்ந்து, வைகாசி நடுவில் பிடிக்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால் குடிபோய்விடலாம். கிடைக்காவிட்டால் மழை முழுக்கவும் சுவர்கள் நனைந்து கிடக்கும். அம்மா ஏற்கெனவே அடுக்களைக்கு எந்த மூலை என்று தீர்மானித்து, அம்மி எங்கே, உரல் எங்கே என்று மண்ணில் கோடு போட்டு வைத்திருந்தாள். பன்னிரண்டு வருஷமாகத் தன் தம்பி பெண்டாட்டியின் அடுக்களையில் முறை வைத்துச் சமைத்தவள். அத்தை நல்லவள்தான். இருந்தாலும் உப்பு ஜாடியை எடுக்கும்போதுகூட அம்மா ஒரு கணம் தயங்குவாள்.

அந்த நீளத்துக்கு மாமாவின் கடையிலேயே மரம் இல்லை. வித்துராவுக்குச் சொல்லி அனுப்பினார். சனிக்கிழமை வரவேண்டிய வண்டி கோடை மழையில் எங்கோ மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வந்து சேர்ந்தது. மாமா என்னைத் தூக்காத குறையாகக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார். நான் பொட்டு வைத்தேன். ஆட்கள் உருட்டினார்கள். அவர்கள் கையைத் தட்டிக்கொண்டு நகர்வதற்கும் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கும் சரியாக இருந்தது.

அப்பா நேராக அந்த மரத்துக்குத்தான் போனார். போகாமல் என்ன செய்வார்? அப்படி ஒரு மரம். தட்டினார். கோயில் மணிபோல் கேட்டது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்கக் கையை வைத்தார். எடுத்தபோது விரல் கறுப்பாக இருந்தது.

விரலைப் பார்த்தார். பிறகு, சுவர் ஓரமாக நின்ற என்னைப் பார்த்தார். என் பத்து விரலும் கறுப்பு.

"மக்ளே, இதுல நீயா பொட்டு வச்சே?" குரலில் கோபம் இல்லை. அதனால் பலிக்காமல் போகும் என்பதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. வீடு வந்துவிட்டதே, இனி சொன்னால் என்ன?

"ஆமாப்பா. கண்ணு படாம இருக்க. இதுக்கு மட்டுமில்லே, நம்ம வீட்டு மரம் எல்லாத்துக்கும் நான்தான் வச்சேன்."

"எல்லாத்துக்குமா?"

"ஒண்ணுகூட விடலை."

பாராட்டுக்காகக் காத்து நின்றேன். அப்பா பக்கத்தில் கிடந்த சாக்கில் விரலைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கறை பரவிக்கொண்டே போயிற்று. பிறகு மடியில் இருந்த பணத்தை மறுபடி சரியாகச் செருகிக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போய்விட்டார். மாமா வாயில் வெற்றிலையை மெல்லாமல் வைத்துக்கொண்டு நின்றார். அவரை அப்படி அன்றைக்குத்தான் பார்த்தேன். ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டேன் என்று அழ ஆரம்பித்தேன். அவர் என் தலையில் கையை வைத்து, "நீ ஒண்ணும் செய்யலை மக்ளே" என்றார்.

அன்றோடு வேலை நின்றது. அப்பா ஆசாரியை வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். மரங்களைப் பிரித்து மாமாவுக்கே திருப்பிக் கொடுத்துவிடப் போவதாக அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்பது நாள் அம்மா இலையைப் போடுவாள், பரிமாறுவாள், போய்விடுவாள். அப்பா ஆபீஸ் போகும் வழியில் நின்ற மரங்களைத் தட்டுவதை விட்டுவிட்டார்.

பத்தாம் நாள் மத்தியானம் வானம் இருண்டு தூற்றல் விழுந்தது. அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, கரமனைப் பாலத்தைத் தாண்டி நடந்தாள். கூரையில்லாத வீட்டுக்குள் தம்பியை ஒரு மூலையில் முறத்தால் மறைத்து உட்காரவைத்தாள். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, குவித்து வைத்திருந்த தேங்காய் நாரைக் களிமண்ணோடு மிதித்துப் பிசைந்து, மரங்களுக்கு நடுவே இருந்த சந்துகளில் அடைக்கத் தொடங்கினாள். நான் மண் உருட்டிக் கொடுத்தேன். ஒரு சுவர் பாதி ஆனபோது அப்பா எங்களைத் தேடிக்கொண்டு ஆபீஸ் உடுப்போடே வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் மூச்சு வாங்க மாமா, குடையோடு.

"பிரிக்கப் போற வீட்டுக்கு எதுக்கு மண்ணு வைக்கே?" என்றார் அப்பா.

அம்மா திரும்பவில்லை. "உங்க அப்பா வீட்டைக் கடன் கொண்டு போச்சு. என் வீட்டை உங்க ரோஷம் கொண்டு போகட்டும். அதுவரைக்கும் நான் அடைச்சுக்கிட்டே இருக்கேன்" என்றாள்.

அப்பா மாமா பக்கம் திரும்பினார். "மாப்ளே, உன் மரத்தை நீ எடுத்துக்கோ. நீ என்னை ஏமாத்திட்டே."

"கொத்திப் பூட்டுன மரத்தை எந்த மடையன் வாங்குவான் அத்தான்?" என்றார் மாமா. குடையை மடக்கினார். விரித்தார். "எங்கம்மா போனப்போ எனக்கு மூணு வயசு. இந்த அக்காதான் பிசைஞ்சு ஊட்டி வளத்தா. அந்தச் சோத்துக்கு நான் காசு கொடுத்து ரசீது வாங்கலையே. நீங்க ஒருத்தர்தான் ரோஷக்காரர்னு இருக்காதீங்க."

தூற்றல் வலுத்தது. மாமா குடையை அப்பாவின் தலைக்குமேல் நீட்டினார். வழக்கம்போல் அப்பா விலகிப் போவார் என்று பார்த்தேன். விலகவில்லை. கொஞ்ச நேரம் குடைக்குள் நின்றார். பிறகு சுவரண்டை போய், கையால் ஒரு மரத்தைத் தட்டினார். அடுத்ததைத் தட்டினார். நாலு சுவரையும் சுற்றிவந்து எல்லா மரத்தையும் தட்டினார். ஒவ்வொன்றும் நல்ல மரமாகவே கேட்டது. கடைசியில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, அம்மா அடைத்துக்கொண்டிருந்த சந்தின் மறுமுனையில் வைத்து அழுத்தினார்.

"நாளைக்கு ஆசாரியை வரச் சொல்லு" என்றார், யாரையும் பார்க்காமல்.

மோட்டுவளை ஏறியது. ஓலை வேய்ந்தோம். இடவப்பாதி மழை எங்கள் கூரைமேல்தான் முதலில் விழுந்தது என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பால் காய்ச்சிய அன்று மாமாவும் அத்தையும் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். அப்பாவும் மாமாவும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். மரத்தைப் பற்றி ஒரு பேச்சும் எழவில்லை.

மறுநாள் காலையில் அப்பா அடுக்களைக்குள் வந்து, எதையோ தேடி, சின்னப் பித்தளைக் கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொண்டார். என்னையும் கூப்பிட்டுக்கொண்டார். இரண்டு பேரும் பாலம் தாண்டி, சாலைக் கடைகளைத் தாண்டி, ஆரியசாலை வரை நடந்தோம். மாமா வீட்டு வாசலில் அப்பா நின்றார். மாமா கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

அப்பா கிண்ணத்தை நீட்டினார்.

"மாப்ளே, கொஞ்சம் உறைமோர் வேணும். கடனா."

உள்ளேயிருந்து வந்த அத்தை அதைக் கேட்டுச் சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அவரே உள்ளே போனார். ஒரு கரண்டி மோர் ஊற்ற அவ்வளவு நேரம் ஏன் ஆயிற்று என்று எனக்குப் புரியவில்லை. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். மோர் கிண்ணத்தின் விளிம்பு வரைக்கும் தளும்பியது. உறைமோருக்கு யாராவது அவ்வளவு ஊற்றுவார்களா? மாமாவுக்கு அடுக்களை வேலை தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி நடக்கும்போது அப்பா கிண்ணத்தை ஒரு வாழையிலைத் துண்டால் மூடி, சிந்தாமல், மெல்ல நடந்தார். எனக்குக் கால் வலித்தது.

"அப்பா, நம்ம வீட்டுலதான் உறைமோர் இருக்கே. அம்மா நேத்தே கொண்டு வந்துட்டாளே."

"இருக்கட்டும்" என்றார் அப்பா.

"இதை எப்பத் திருப்பிக் கொடுக்கணும்?"

"உறைமோரை யாரும் திருப்பிக் கொடுக்கிறதில்லை மக்ளே."

வீட்டுக்கு வந்ததும் அம்மா கிண்ணத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். தான் எடுத்து வைத்திருந்த மோரை எனக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டு, அப்பா கொண்டுவந்ததையே பாலில் விட்டாள். நான் உப்புப் போட்ட மோரைக் குடித்துக்கொண்டே யோசித்தேன். திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்றால் அது எப்படிக் கடனாகும்? கடனைப் பற்றி ஊரிலேயே அதிகம் தெரிந்தவர் என் அப்பா. அவருக்கே இது தெரியவில்லையே என்று அன்று அவர்மேல் எனக்குப் பாவமாக இருந்தது.